முறை வைத்துக் கற்றவர்கள்

மதீனாவின் மேட்டுப்பகுதிக்கு அவாலி என்று பெயர். உமர் (ரலி) அவர்கள் அங்கே பனூ உமையா இப்னு ஸைத் குலத்தாரின் குடியிருப்பில் வாழ்ந்து வந்தார்கள். அவர்களுக்கு அண்டை வீட்டில் அன்ஸாரித் தோழர் ஒருவர் இருந்தார். பிழைப்பையும் பார்க்க வேண்டும், நபி (ஸல்) அவர்களின் சபையையும் தவறவிடக் கூடாது. இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு நாள் இவர் கீழே இறங்கிச் செல்வார், மறுநாள் அவர். சென்றவர் அன்றைக்கு இறங்கிய வஹீயையும் பிற செய்திகளையும் மாலையில் மற்றவரிடம் வந்து சொல்வார். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த அறிவிப்பைத் தம் நூலின் கல்விப் பகுதியில், முறை வைத்துக் கற்பது என்னும் பொருளில் தனித் தலைப்பிட்டே சேர்த்துள்ளார்கள்.

அந்த ஏற்பாட்டை நாம் மாணவர் இருவரின் வசதியாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். சற்று உற்றுப் பார்த்தால், ஒவ்வொருவரும் ஒரு நாள் மாணவராகவும் அன்று மாலையே ஆசிரியராகவும் இருந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். மாலையில் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு பகலில் கேட்பவரின் செவி வேறு விதமாக வேலை செய்யும். இதைக் கற்பிக்கும் பணியில் இருப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

இந்த வரலாற்றை இப்போது எழுதக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சில ஊர்களில் மக்தப் நடத்தும் உஸ்தாதுகளும், அரசுப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களும் சேர்ந்து வாரம் ஒரு முறை கூடிப் படிக்கிறோம். அவர்களில் இருவர் கல்வராயன் மலைமேல் உள்ள பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள். பட்டம் பெற்ற சிலர் இணையவழியில் கல்வியியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறார்கள். பட்டம் இல்லாமல் சனதும் பட்டயமும் மட்டும் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள், அவர்கள் கற்றதைக் கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் மக்தபில் கண்டதை அவர்களுக்குச் சொல்கிறோம். "இணையத்தில் படிப்பதெல்லாம் ஒரு படிப்பா?" என்று ஜமாஅத்தில் மூத்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி இன்று பிறந்ததன்று. நம் உலமாக்கள் அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டு, தரம் பிரித்து, விடையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொலைவு என்பது கல்விக்குத் தடையாக நின்றபோது முதலில் நம் முன்னோர் செய்தது பயணம். ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் ஒரேயொரு ஹதீஸைக் கேட்பதற்காக ஓர் ஒட்டகத்தை வாங்கிக்கொண்டு ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றார்கள். பிற்காலத்தில் கதீபுல் பக்தாதி (ரஹ்) ஹதீஸைத் தேடிச் சென்ற பயணங்களைப் பற்றியே ஒரு நூல் எழுதும் அளவுக்கு அது ஒரு மரபாக வளர்ந்தது. மிம்பர்களில் நாம் அடிக்கடி சொல்வதும் இந்தப் பயணங்களைத்தான். அதனாலேயே கடிதத்தின் கதை மறைந்துவிட்டது.

முஆவியா (ரலி) அவர்கள் கூஃபாவில் இருந்த முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களுக்கு, நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதை எழுதி அனுப்புமாறு கடிதம் எழுதினார்கள். முகீரா (ரலி) அவர்கள் சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் வர்ராத் எழுதினார். கடமையான தொழுகைக்குப் பின் நாம் ஓதிவரும் திக்ருகளில் ஒன்று அந்தக் கடிதத்தில் இருந்தது. தினமும் ஐந்து வேளையும் நம் நாவில் வரும் ஒரு பாடம் தபாலில் வந்த பாடம் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்!

ஹதீஸ் கலையின் இமாம்கள் இத்தகைய கல்வியை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை, ஒதுக்கித் தள்ளவும் இல்லை. ஹிஜ்ரி 643இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) கல்வியைப் பெறும் வழிகளை எட்டாக வரிசைப்படுத்தினார். ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்ல மாணவர் கேட்பது முதலாவது. மாணவர் வாசிக்க ஆசிரியர் கேட்பது இரண்டாவது. இஜாஸா என்னும் அனுமதி மூன்றாவது. நூலைக் கையில் ஒப்படைக்கும் முனாவலா நான்காவது. கடிதம் எழுதிப் பெறும் முகாதபா ஐந்தாவது. வரிசையின் கடைசியில், எட்டாம் இடத்தில் இருப்பது விஜாதா. ஆசிரியரின் தொடர்பு எதுவுமின்றி, கைக்குக் கிடைத்த ஏட்டைத் தானே படித்துக்கொள்வதற்கு அந்தப் பெயர்.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொலைவில் இருந்து கற்பதும் தனியாக இருந்து கற்பதும் இங்கே ஒன்றாக எண்ணப்படவில்லை. கடிதத்தில் எதிர்முனையில் ஒரு மனிதர் இருக்கிறார். அவருடைய கையெழுத்து அறிமுகமானதாக இருக்க வேண்டும், ஐயம் வந்தால் மீண்டும் எழுதிக் கேட்க முடியும். விஜாதாவில் அப்படி எவரும் இல்லை. அச்சிட்ட பாடப் பொதியை அறைக்குள் உட்கார்ந்து மனனம் செய்து தேர்வு எழுதி வருவது முகாதபாவா, விஜாதாவா என்று யாரேனும் எங்களைக் கேட்டால், இரண்டாவது என்றே சொல்வோம். அதை இணையத்தில் படித்தாலும் தாளில் படித்தாலும் வேறுபாடு இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கடிதத்தில் கற்றவர் அதைப் பிறருக்கு அறிவிக்கும்போது "எனக்கு அறிவித்தார்" என்று சொல்லலாமா, "எனக்கு எழுதினார்" என்றுதான் சொல்ல வேண்டுமா என்று உலமாக்கள் விவாதித்தார்கள். சிலர் முதலாவதையும் அனுமதித்தார்கள். பேணுதலுக்கு உகந்தது இரண்டாவதே என்பது இப்னுஸ் ஸலாஹ் அவர்களின் தேர்வு. இமாம் புகாரியே தம் நூலில் ஓரிடத்தில், முஹம்மது இப்னு பஷ்ஷார் தமக்கு எழுதியதாக வெளிப்படையாகக் குறிப்பிட்டுள்ளார்கள். கற்ற வழியை மறைக்காத அந்த நேர்மைதான் அந்தக் கல்விக்கு மதிப்பைத் தந்தது.

கடிதம் எழுதிக் கற்றவர்களில் ஆசிரியர்களே மிகுதி. அவர்களில் அபூதாஹிர் அஸ்ஸிலஃபீ (ரஹ்) அவர்களின் வாழ்க்கை எங்கள் வட்டத்தில் பல மாலைகள் பேசப்பட்டது. இஸ்ஃபஹானில் பிறந்து, பல ஊர்கள் சுற்றி, ஹிஜ்ரி 511இல் அலெக்சாந்திரியா வந்து சேர்ந்தார். அதன்பின் ஹிஜ்ரி 576இல் மறையும் வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் துறைமுக நகரத்தை விட்டு அவர் வெளியேறியது மிக அரிது. அங்கே அவருக்காகவே ஒரு மதரஸா கட்டப்பட்டது. ஒரே ஊரில், ஒரே மதரஸாவில், ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தும் ஆசிரியரின் அறிவு எப்படித் தேங்காமல் இருக்கும்? அவர் கடிதம் எழுதினார். மக்காவில் இருந்த ஸமக்ஷரீக்கு எழுதி இஜாஸா கேட்டார். ஸமக்ஷரீ தம்மைத் தாழ்த்திக்கொண்டு சொல்லழகோடு நீண்ட பதில் ஒன்றை அனுப்பினார், கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை. ஸிலஃபீ விடவில்லை, மீண்டும் எழுதினார். அந்தக் காலத்தில் ஒரு கடிதம் ஹஜ் பயணிகளின் கையில் போய், பதில் அடுத்த பயணிகளின் கையில்தான் வர வேண்டும். அலைவரிசை கிடைக்கவில்லை என்று அரை மணி நேரத்தில் சலித்துப்போகும் நமக்கு இந்தச் செய்தி சற்றுக் கூச்சத்தைத் தருகிறது.

ஆசிரியர்களுக்கிடையே நடந்த கடிதங்களில் மிகப் புகழ் பெற்றது மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்), எகிப்தின் லைஸ் இப்னு ஸஅத் (ரஹ்) இருவரும் எழுதிக்கொண்டவை. மதீனாவாசிகளின் நடைமுறைக்கு மாறாக லைஸ் ஃபத்வா வழங்குவதாகக் கேள்விப்பட்ட மாலிக், அன்போடு கண்டித்து எழுதினார். லைஸ் அவர்களின் பதில் நீளமானது. மாலிக்கின் நலத்தை விசாரித்து, அவர் கண்டித்ததற்கு நன்றி கூறிவிட்டு, ஸஹாபாக்கள் பல நாடுகளுக்கும் சென்று கற்பித்தார்கள், அவர்களுக்குள்ளேயே பல மஸ்அலாக்களில் கருத்து வேறுபாடு இருந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். இருவரும் தத்தம் நிலையிலிருந்து நகரவில்லை. உறவும் முறியவில்லை. லைஸ் ஹிஜ்ரி 175இலும் மாலிக் 179இலும் மறைந்தார்கள், கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. துறைசார் உரையாடல் எப்படி இருக்க வேண்டும் என்று கல்வியியல் முதுகலையில் ஒரு தனி அலகே வருகிறது. அதைப் படித்துவிட்டு வந்து சொன்ன சகோதரியிடம் நாங்கள் இந்த இரு கடிதங்களின் சாரத்தைச் சொன்னோம். தம் ஒப்படைப்பில் சேர்த்துக்கொள்வதாகக் குறித்துக்கொண்டார்.

உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் குர்ஆன் பிரதிகள் பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டதை அனைவரும் அறிவோம். அவற்றோடு ஓதுபவர்களும் அனுப்பப்பட்டார்கள் என்பது கிராஅத் கலை அறிஞர்கள் கூறும் செய்தி. கூஃபாவுக்கு அபூஅப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ, பஸ்ராவுக்கு ஆமிர் இப்னு அப்தி கைஸ், ஷாமுக்கு முகீரா இப்னு அபீஷிஹாப் என்று பெயர்களையும் தருகிறார்கள். பிரதியில் பிழை இருக்கும் என்ற அச்சத்தால் அன்று; ஏட்டோடு வாயும் செவியும் சேர்ந்து போக வேண்டும் என்பதால்.

இனி ஆசிரியர்கள் எதைக் கற்றார்கள் என்று பார்ப்போம். எதைக் கற்பிப்பது என்பதில் நம் மதரஸாக்கள் பெரும் செல்வம் உடையவை. இங்கு பல மதரஸாக்கள் பின்பற்றும் தர்ஸே நிஸாமியின் வேர் லக்னோவின் ஃபிரங்கி மஹலில், 1748இல் மறைந்த முல்லா நிஸாமுத்தீன் அவர்களிடம் உள்ளது. நஹ்வு, ஸர்ஃப், மன்திக், ஃபிக்ஹ், உஸூல் என்று அதில் கிதாபுகளுக்குக் குறைவில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டே மக்தபுக்கு வந்தால் அன்றைய பாடத்தை எப்படித் தொடங்குவது என்பதற்கு மட்டும் அதில் பாடம் இல்லை. ஆலிம் பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர் முதலில் சந்திப்பதோ அந்தப் பிள்ளையைத்தான்.

அப்படிப்பட்ட பாடம் நம் மரபில் இல்லாமல் இல்லை. கைரவானைச் சேர்ந்த, ஹிஜ்ரி 256இல் மறைந்த இப்னு ஸஹ்னூன் (ரஹ்) ஆசிரியர்களின் ஒழுக்கங்கள் பற்றித் தனி நூல் எழுதினார். தம் தந்தை இமாம் ஸஹ்னூனிடம் கேட்ட கேள்விகளும் பெற்ற விடைகளும் அதில் பெரும் பகுதி. ஏழை வீட்டுப் பிள்ளையையும் செல்வர் வீட்டுப் பிள்ளையையும் சமமாக நடத்த வேண்டும், பிள்ளைகளைத் தம் சொந்த வேலைகளுக்கு ஏவக் கூடாது, அடிப்பதாயினும் மூன்றைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் வகுத்துக் கூறுகிறது அந்நூல். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பிரம்புக்கு எல்லை கட்டிய நூல் அது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பிள்ளைகளுக்கு உடல் தண்டனையை முற்றாகத் தடை செய்தது. 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கியது. நம் சமய உரிமைக்காக வந்த விலக்கு அது. பிரம்புக்குக் கிடைத்த அனுமதியாக அதை எடுத்துக்கொள்வோர் இன்னும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மக்தபை விட்டு நின்ற பிள்ளைகளிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். டியூஷன் என்று பெற்றோர் சொல்வார்கள், பிள்ளை வேறு சொல்லும்.

தமிழகத்தில் ஆலிம்களின் உயர்கல்வி என்பது வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், லால்பேட்டை மன்பவுல் அன்வார், நீடூர் மிஸ்பாஹுல் ஹுதா போன்ற கல்லூரிகளைச் சார்ந்தே வளர்ந்தது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் பெரும்பாலும் லால்பேட்டைக்கோ வேலூருக்கோதான் சென்றார்கள். ஓதி முடித்து ஊர் திரும்பியபின் தொடர்ந்து கற்பதற்கு இருந்த வழிகள் சில. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் அரபுத் தமிழில் எழுதிய நூல்கள் சிற்றூர் உஸ்தாதின் கைக்கு ஃபிக்ஹைக் கொண்டுவந்து சேர்த்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வை எழுதியவர்கள் பள்ளிகளில் அரபு முன்ஷிகளாக வேலைக்குப் போனார்கள். மற்றவர்களுக்குச் சனது வாங்கிய நாளோடு படிப்பு முடிந்தது.

பள்ளி ஆசிரியர்களின் கதை வேறு பாதையில் சென்றது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1971இல் அன்றைய மதுரைப் பல்கலைக்கழகமும் 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அந்த வழியில் வந்தன. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அக்காலத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் முதுகலை பெற வேண்டுமானால் வேலையை விட வேண்டியதில்லை. தடித்த தபால் உறை வீட்டுக்கு வரும், விடுமுறையில் சில நாள் நேர்முக வகுப்புக்குப் போனால் போதும். பல்லாயிரம் ஆசிரியர்களின் வாழ்வை அது உயர்த்தியது, மறுக்க முடியாது. குறிப்பாக, வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்க வீட்டில் இசைவு கிடைக்காத பெண்களுக்கு அது பெரும் திறப்பு. நம் சமுதாயத்திலும் முதல் தலைமுறைப் பெண் ஆசிரியர்கள் சிலர் அந்தத் தபால் உறைகளால் உருவானவர்களே.

ஆயினும் உறையோடு ஓதுபவர் வரவில்லை. அரசு ஆசிரியர்களுக்கு உயர்கல்வித் தகுதிக்காக ஊக்க ஊதிய உயர்வு கிடைத்து வந்ததால், படிப்பு என்பது பலருக்குச் சம்பளக் கணக்காகவே இருந்தது. வகுப்பறையில் கற்பிப்பதற்கும் வீட்டில் படிக்கும் பாடத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 2020 மார்ச்சில் அரசு அந்த ஊக்க ஊதிய உயர்வை நிறுத்தியபோது, இனி எதற்குப் படிப்பது என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு இரவில் கண் விழித்துப் படிப்பவர் கூலி எதிர்பார்ப்பது இயல்பு.

அதே மாதத்தில்தான் பெருந்தொற்றால் பள்ளிகளும் மதரஸாக்களும் மூடப்பட்டன. அரசின் திக்‌ஷா தளம் 2017 செப்டம்பரிலிருந்தே இருந்தது, 2018இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் அதற்கான கியூஆர் குறியீடுகளும் இருந்தன. நிஷ்டா பயிற்சி 2019இல் நேரடியாகத் தொடங்கி 2020 அக்டோபரில் இணையத்துக்கு மாறியது. ஓர் ஆசிரியர் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரமாவது பணித்திறன் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு இணையவழிப் பட்டங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. ஏற்புடைய நிறுவனங்கள் தரும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் அது தெளிவுபடுத்தியது. பட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்துவிட்டது. சேர்வதற்கு முன் அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் மானியக் குழுவின் நடப்பு ஆண்டுப் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இனி மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26இல். அதன் மேற்கெல்லையில் நிற்கும் கல்வராயன் மலையின் மக்கள் மலையாளிப் பழங்குடியினர், பேசுவது தமிழ். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை அம்மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அரசு அதை முழுமையாகத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. சமவெளியில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கி ஐந்தாண்டுகள் ஆன பிறகு! இந்த வரலாறு வெளியே பரவலாகத் தெரிய வந்ததும் ஒரு துயரத்தால்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலைமை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவமனை, பள்ளி என்று எல்லாம் அங்கே பேசப்பட்டன.

மலைப் பள்ளியின் ஆசிரியர், சமவெளி ஆசிரியரைக் காட்டிலும் தனியர். ஒருவரோ இருவரோ சேர்ந்து ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டிய பள்ளிகள் உண்டு. ஐயம் கேட்கப் பக்கத்து அறையில் ஆள் இல்லை. கைப்பேசி அலைவரிசை எட்டாத சிற்றூர்கள் பல. எங்கள் வட்டத்தில் உள்ள மலை ஆசிரியர்கள் இருவரும் வார இறுதியில் கச்சிராயபாளையம் பக்கம் இறங்கி வரும்போதுதான் பாடக் காணொளிகளைத் தரவிறக்கிக்கொள்கிறார்கள். நேரலை வகுப்பைத் தவறவிட்டவருக்குக் கீழே இருப்பவர் குறிப்பெடுத்து வைக்கிறார். மேலே நடந்ததை அவர் கீழே இருப்பவர்களுக்குச் சொல்கிறார்.

அப்படி அவர் கொண்டுவந்த கேள்வி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் செல்லும்போது பிள்ளைகளும் உடன் போய்விடுகிறார்கள். சில மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளையை எந்தப் பாடத்தில் உட்கார வைப்பது? வகுப்பு வெகுதூரம் போயிருக்கும். பிள்ளை வெட்கப்பட்டு இரண்டொரு நாளில் நின்றுவிடும். முதுகலைப் பாடத்தில் பல்வகுப்புக் கற்பித்தல் பற்றிய கோட்பாடுகள் இருந்தன. அவற்றைப் படித்துக் காட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்த உஸ்தாதுகளுக்கு வியப்பாக இருந்தது. ஏனெனில் மக்தபில் எந்தக் காலத்திலும் வகுப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒரே பாயில் ஐம்பது பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஹிஃப்ளுப் பிரிவில் அன்றைய பாடம், அண்மைப் பாடம், பழைய பாடம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று கணக்கு. விட்டுப்போன பிள்ளை திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓதும், யாருக்கும் பின்னால் நிற்காது.

மலை ஆசிரியர் இந்த மூன்று கணக்கையும் எழுத்துக்கும் எண்ணுக்கும் மாற்றி, பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு வைத்துப் பார்த்தார். இதைத் தம் ஒப்படைப்பாக எழுதியபோது, தமிழகத்தின் செயல்வழிக் கற்றலோடு ஒப்பிடும்படி அவருடைய வழிகாட்டி எழுதியிருந்தார். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக உருவான ஏணிப்படி அட்டைகளைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய முறை அது. ஆசிரியர்கள் இன்னோர் ஆசிரியரின் வகுப்பறையை நேரில் போய்ப் பார்த்ததில் பிறந்த மாற்றம். பாயில் உட்கார்ந்து ஓதும் நம் பழைய முறைக்கு உறவுக்காரர் ஒருவர் வண்ண அட்டைகளோடு இருக்கிறார் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

அவர்களிடமிருந்து நாங்கள் பெற்றதும் உண்டு. தவறைத் திருத்துவதற்கு முன் பதிவு செய்வது என்பது அவற்றில் ஒன்று. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் மீண்டும் மீண்டும் தடுக்கிறது என்று ஒரு மாதம் எழுதி வைத்தோம். ஸாத் எழுத்தையும் ஸீன் எழுத்தையும் குழப்பும் பிள்ளைகளே அதிகம். தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால் செவிக்கே அது பிடிபடுவதில்லை. வாயைத் திருத்துவதற்கு முன் செவியைப் பழக்க வேண்டும் என்று புரிந்தது. இதில் இணையத்தின் எல்லையும் தெரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசி அழைப்பில் தஜ்வீத் நடத்தியவர்கள் அறிவார்கள். சாதாரண அழைப்பு குரலின் மேல் அதிர்வெண்களை வெட்டிவிடும், ஸீனும் ஸாவும் ஒன்றாகவே ஒலிக்கும். மக்ரஜைப் பொறுத்தவரை முதல் இடம் நேருக்கு நேர் கேட்பதற்கே என்று இப்னுஸ் ஸலாஹ் வகுத்த வரிசையை இன்றைய தொலைபேசியும் உறுதி செய்கிறது.

பள்ளி ஆசிரியருக்கு வட்டார வள மையம் இருக்கிறது, குறுவளமையக் கூட்டம் இருக்கிறது. நிறைகுறை இருக்கலாம், ஆனால் அவர் கற்க வேண்டியவர் என்பதை அமைப்பு ஒப்புக்கொண்டிருக்கிறது. மக்தப் உஸ்தாதுக்கு அரசின் உலமா ஓய்வூதியமும் நல வாரியமும் உண்டு. அவர் முதுமைக்கும் பயணத்துக்கும் ஏதோ ஓர் உதவி கிடைக்கிறது. அவருடைய கற்பித்தலுக்கு யாரும் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. மினாராவுக்கு வண்ணம் அடிக்கவும் வுளூச் செய்யும் இடத்துக்குக் கற்கள் பதிக்கவும் நம் ஜமாஅத்துகள் மனமுவந்து வசூலிக்கின்றன. உஸ்தாதின் படிப்புக்கு என்று ஒரு வரி எந்த ஜமாஅத்தின் வரவு செலவில் இருக்கிறது? இளம் ஆலிம்கள் ஒருவர் பின் ஒருவராக மக்தபை விட்டு வளைகுடாவுக்கோ கடைக்கோ போவதற்குச் சம்பளம் ஒரு காரணம். அதோடு இன்னொரு காரணத்தையும் எங்களிடம் சொன்னார்கள்: இருபது வயதில் என்ன தெரிந்திருந்ததோ அதையேதான் நாற்பதிலும் செய்துகொண்டிருப்போம் என்ற எண்ணம்.

தனியாக இருந்த முன்னோர்கள் அதற்கும் வழி தேடினார்கள். இஸ்மாயீல் இப்னு ரஜா (ரஹ்) மறந்துவிடாமல் இருப்பதற்காக மக்தபுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவர்களுக்கு ஹதீஸ்களைச் சொல்வாராம். இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) சபையிலிருந்து வீடு திரும்பி, உறங்கிக்கொண்டிருந்த பணிப்பெண்ணை எழுப்பி அன்று கேட்டதைச் சொல்வார். இதெல்லாம் எனக்கு எதற்கு என்று அவள் கேட்டதற்கு, உனக்குப் பயனில்லை என்று தெரியும், நான் நினைவுபடுத்திக்கொள்ளவே சொல்கிறேன் என்றாராம். அந்தப் பெண்ணின் உறக்கத்தை நினைத்து எங்கள் வட்டத்தில் உள்ள சகோதரிகள் சிரித்தார்கள். முதாகரா என்னும் கலந்தாய்வுக்கு இணை கிடைக்காதவர்கள் செய்த ஏற்பாடு அது. இணை கிடைத்தவர்களுக்கு அந்தத் தேவை இல்லை.

சனது மட்டும் உள்ளவர்கள் முதுகலைக்கு எப்படிப் போவது என்று பலர் கேட்கிறார்கள். 1998இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட மௌலானா ஆஸாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் மதரஸாக்கள் பலவற்றின் சான்றுகளைச் சேர்க்கைத் தகுதியாக ஏற்கிறது. எந்தச் சனது எந்தப் படிப்புக்குத் தகுதி என்ற பட்டியலை அது வெளியிட்டுள்ளது. பயிற்றுமொழி உருது என்பதால் வேலூரில் ஓதியவர்களுக்கு அது எளிது, தமிழ் மட்டும் அறிந்தவர்களுக்குக் கடினம். அப்படிப்பட்டவர்கள் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதலில் இளங்கலை முடிக்க வேண்டியிருக்கும். எங்களில் இருவர் இந்த ஆண்டு அந்த வழியில் விண்ணப்பிக்கிறார்கள். மற்றவர்கள் இப்போதைக்கு வாரக் கூட்டத்தோடு இருக்கிறோம். அடுத்த மாதத்துக்கு இப்னு ஸஹ்னூனின் நூலை எடுத்துக்கொண்டுள்ளோம். பிள்ளைகளை ஆசிரியர் தம் சொந்த வேலைக்கு ஏவுவது பற்றிய பகுதியைத் தமிழில் எழுதித் தருமாறு மலை ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். முதல் சில பக்கங்கள் முடிந்துவிட்டன. அவர்கள் இறங்கி வரும் சனிக்கிழமை கொடுத்தனுப்ப வேண்டும்.